ஆள் இருக்கு

வலது தோள்பட்டையில் வலி குடியேறிவிட்ட நாட்களில் சல்லடைக்காரிக்கு யார் முகத்தைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். காலையில் எழுந்ததும் கையைத் தூக்கிப் பார்ப்பாள். காது மட்டம்வரை போனால் அன்று நல்ல நாள். தாடையோடு நின்றுவிட்டால் பக்கத்தில் வருகிறவர்கள் பார்த்து வரவேண்டும். அன்று கை தாடைக்கே வரவில்லை. அந்தக் கையோடுதான் விடிந்ததிலிருந்து மண் சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையை முன்னே தள்ளிப் பின்னே இழுக்கும்போதெல்லாம் தோளுக்குள் யாரோ திருகாணியை முடுக்குவது போல இருந்தது.

"கொஞ்சம் மெதுவா ஆட்டுங்கம்மா. பொடி எலும்பெல்லாம் உடைஞ்சிடும்," என்றாள் டாக்டரம்மா.

"எலும்புக்கு வலிக்கும்னு இவ்வளவு கவலைப்படறீங்களே, என் தோளைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உங்க தோள் இன்னும் எனக்கு வேண்டிய அளவுக்குப் பழசாகலை."

சல்லடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியோடு சிரித்தாள்.

டாக்டரம்மா வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. வந்த புதிதில் அது தெரியாமல் காய்ச்சல், இருமல், பல்வலி என்று குவாரிக் குடியிருப்பே அவள் கூடாரத்து வாசலில் நின்றது. மண்ணுக்குள் இருக்கும் பழைய எலும்புகளையும் கல் ஆயுதங்களையும் தோண்டி எடுத்துப் படிக்கிறவள் என்று விளங்கியபின், "செத்து இருபதாயிரம் வருஷம் ஆனாத்தான் இந்தம்மா தொட்டுப் பாக்கும்" என்று சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதற்கு வடக்கே ஊர் கிடையாது, காற்றும் கரடும்தான். மலையின் ஒரு பக்கத்தைப் படிப்படியாக வெட்டித் தின்றுகொண்டிருந்தது குவாரி. மறுபக்கத்தில் வெயில் விழும் சரிவில், கூரை இறக்கியது போலப் பாறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. குவாரி ஆட்கள் காலங்காலமாக ஒன்றுக்குப் போன இடம் அது. லாரிப் பாதைக்காகப் புல்டோசர் அதன் ஓரத்தைச் சீவியபோது கறுப்பாக ஒரு வரி தெரிந்தது. அடுப்புச் சாம்பல். சாம்பலுக்குள் கருகிய எலும்பு, தீட்டிய கல். கம்பெனியைக் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு டாக்டரம்மா வந்து இறங்கியது அப்படித்தான். மண் சுமக்கவும் சலிக்கவும் குவாரியிலிருந்தே ஆள் எடுத்தாள். கல் அரைக்கும் கிரஷரின் தூசியைத் தின்று நெஞ்சு அடைத்துப்போயிருந்த சல்லடைக்காரி முதல் ஆளாக வந்து நின்றாள்.

"நாம ஒன்னுக்குப் போன இடத்துல அவங்க சோறு பொங்கியிருக்காங்க," என்று அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

"அவங்க போனப்பறம்தானே நீங்க போனீங்க. மன்னிச்சிருப்பாங்க," என்றாள் டாக்டரம்மா.

அன்று குழிக்குள் பலகை போட்டு அதன்மேல் குப்புறப் படுத்துப் பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்த டாக்டரம்மா, திடீரென்று மூச்சை அடக்கிக்கொண்டு, "அம்மா, இங்க வாங்க. இந்த விளக்கைக் கொஞ்சம் பிடிங்க," என்றாள்.

சல்லடைக்காரி இடது கையால் விளக்கைப் பிடித்துக் குனிந்தாள். முதலில் கவிழ்த்த சட்டியின் அடி போல ஒரு வளைவு தெரிந்தது. பிரஷ் இன்னும் நாலு முறை போய் வந்தது. நெற்றி. மண் அடைத்த கண்குழி. கன்னத்துக்கடியில் மடித்து வைத்த விரல்கள். ஒருக்களித்துப் படுத்தவர் அப்படியே கண்ணயர்ந்தது போல இருந்தது. இடுப்புக்கு மேலே, கூரையிலிருந்து விழுந்த பெரிய பாறைப் பலகை ஒன்று அழுத்திக்கொண்டு கிடந்தது.

பாறைக்கடியில் மனித முகம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. மற்றதை அவள் யோசிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து குரல் தானாகக் கிளம்பியது.

"ஆள் இருக்கு!"

டாக்டரம்மா பயந்துபோய்ப் பிரஷ்ஷைக் கீழே போட்டாள். மேலே குவாரியின் கடைசிப் படியில் நின்றவன் ஒருவன் அதையே திருப்பிக் கத்தினான். "ஆள் இருக்கு!" அதற்கடுத்த படியில் இன்னொருவன். அதற்கடுத்து இன்னொருவன். பிறகு மலையையே அதிரவைத்துக்கொண்டிருந்த அந்தக் கிரஷர் சத்தம் ஒரு முனகலோடு அடங்கியது. லாரிகள் நின்றன. காற்று வீசுவது காதில் விழுந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் டாக்டரம்மா.

"ஐயையோ," என்றாள் சல்லடைக்காரி.

குவாரியில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பலகையிலும் எழுதி மாட்டியதில்லை; வேலைக்கு வந்த அன்றே காதில் ஏறிவிடும். பாறை சரிந்து யாராவது மாட்டிக்கொண்டால், பார்த்தவர் 'ஆள் இருக்கு' என்று குரல் கொடுக்க வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிக் கத்த வேண்டும். மிஷின் எல்லாம் நிற்க வேண்டும். மிஷின் ஓடினால் மலை ஆடும், ஆடினால் இன்னும் சரியும். உள்ளே இருப்பவர் உயிரோடோ உயிரில்லாமலோ வெளியே வந்தாக வேண்டும். குரல் கொடுத்தவரே 'ஆள் வெளிய வந்தாச்சு' என்று சொல்ல வேண்டும். தப்பாகக் கத்தியிருந்தால் 'ஆள் இல்லை' என்று சொல்ல வேண்டும். அதுவரை எதுவும் ஓடாது. வேறு யார் வாயால் சொன்னாலும் செல்லாது.

அவள் 'ஆள் இல்லை' என்று சொல்வதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். கடப்பாரையோடு, ஜாக்கியோடு, தூக்குக் கட்டிலோடு, மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தவர், டமாரம் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர். பாறைக்கு வெடி வைத்து வைத்துக் காதைத் தொலைத்த வெடிக்காரர். வீட்டில் பெண்டாட்டி நேருக்கு நேர் நின்று திட்டினாலும் அவருக்குக் கேட்காது. இந்தக் குரல் மட்டும் எந்த மூலையிலிருந்து வந்தாலும் கேட்டுவிடும்.

"யாரு? யாரு உள்ள?"

"யாரும் இல்லைங்க. அதாவது, இருக்காங்க. ஆனா ரொம்ப நாள் ஆச்சு," என்று திக்கினாள் டாக்டரம்மா.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இருபதாயிரம் வருஷம் இருக்கும்."

டமாரம் காதருகில் கையைக் குவித்தார். "இருபது நிமிஷம்தானா? அப்ப உயிர் இருக்கும்! டேய், ஜாக்கிய எறக்குங்கடா!"

டாக்டரம்மா குழிக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். யாரோ டமாரத்தின் காதில் வாயை வைத்துக் கத்தி விஷயத்தைச் சொன்னார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஒருவன் சிரிக்க, எல்லோரும் சிரிக்க, கடப்பாரைகளை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். சல்லடைக்காரிக்கு வெட்கத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

சிரித்து ஓய்ந்ததும், வந்ததுதான் வந்தோம் என்று ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் நிமிரும்போது யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். எலும்புக்கூட்டின் கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருளாக ஏதோ வரிசையாகக் கிடந்தது.

"கல் நத்தை!" என்றார் டமாரம்.

அந்த மலைக் கல்லை எங்கே உடைத்தாலும் அது கிடைக்கும். கல்லாகிப்போன நத்தை. இந்த மலை ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து, "நாம அரைக்கறது கல்லு இல்லடா, கடலு" என்று டமாரம் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தார். இந்த நத்தைகளில் ஒவ்வொன்றிலும் துளை போட்டிருந்தது.

"பாருடா, கல்லுல துளை போட்டிருக்கான். இரும்பும் இல்ல, மிஷினும் இல்ல. இவன் நம்ம ஆளுடா."

"பொம்பளையாவும் இருக்கலாம்," என்றாள் டாக்டரம்மா. "இடுப்பெலும்பைப் பாத்தாத்தான் தெரியும்."

"பொம்பளைன்னா அதுக்கும் கூலி குறைச்சுத்தான் குடுத்திருப்பானுங்க," என்றாள் சல்லடைக்காரி.

அப்போதுதான் மேனேஜர் வந்து சேர்ந்தார். வயிற்றுப்புண்காரர். கோபம் வந்தால் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துச் சப்புவார். சப்பிக்கொண்டே வந்தார். குழியை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா கிரஷரை நிறுத்தினீங்க? போங்க, போங்க. போய் மிஷினைப் போடுங்க."

யாரும் அசையவில்லை. "குரல் குடுத்தவங்க சொல்லணும் சார்," என்றார், மேனேஜரின் கையசைப்பிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்ட டமாரம்.

மேனேஜர் சல்லடைக்காரி பக்கம் திரும்பினார். "சரிம்மா. வாய் தவறிடுச்சு. பரவாயில்ல. ரெண்டே வார்த்தை, 'ஆள் இல்லை'ன்னு சொல்லிட்டு உன் வேலையப் பாரு."

அவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தப்பு அவளுடையதுதான், யாரோடும் மல்லுக்கு நிற்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. மேனேஜர் அதோடு விட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். விடவில்லை.

"இது ஆளாம்மா? வெறும் எலும்பு. இதப் போய் ஆள்ங்கறியே."

திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். அந்தக் குரலை, அந்த இழுப்பை, அவள் முன்பே கேட்டிருந்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கீழ்ப்படியில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் தம்பிமேல் மலை சரிந்தது. அன்று குரல் கொடுத்ததும் அவள்தான். எல்லா மிஷினும் நின்றது. ராவும் பகலும் கல்லைப் புரட்டினார்கள். மூன்றாம் நாள் மேனேஜர் வந்து நின்று, "இனிமே உள்ள இருக்கறது ஆளாம்மா? வெறும் பொணம். அதப் போய் ஆள்ங்கறியே" என்று சொல்லிவிட்டு, கிரஷர் அறைக்கு ஏறிப்போய்ப் பச்சைப் பட்டனைத் தன் கையாலேயே அமுக்கினார். எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். வீட்டில் பிள்ளைகுட்டி இருந்தது. யாரைக் குறை சொல்ல? பிறகு கழிவுக் கல்லைக் கொண்டுவந்து அந்தப் படியின்மேலேயே கொட்டினார்கள். அந்த இடத்துக்கு இப்போது 'மூடின படி' என்று பெயர். தம்பி அங்கேதான் இருக்கிறான்.

"ஆள்தான்," என்றாள் சல்லடைக்காரி.

"என்னது?"

"உள்ள இருக்கறது ஆள்தான் சார். தலை இருக்கு, கை இருக்கு, கழுத்துல போட்டுக்க ஆசைப்பட்டிருக்கு. ஆள் இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது? பொய் சொன்னா நாக்கு அழுகிடும்."

மேனேஜர் மாத்திரையைக் கடித்து நொறுக்கினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அடுப்பைவிட அதிகமாக எரிந்தது தம்பி பெண்டாட்டிதான். இருவரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். இரும்பு அடுப்பு, இரண்டு கட்டில், சுவரில் மூன்று ஆணி. இரண்டில் அவர்கள் கோட்டுகள் தொங்கின. மூன்றாவது அவனுடையது, அதில் யாரும் எதையும் மாட்டுவதில்லை. தம்பி பெண்டாட்டிக்குக் கிரஷர் பெல்ட்டில் மண்கட்டி பொறுக்கும் வேலை. பெல்ட் ஓடாவிட்டால் கூலி கிடையாது.

"நாளைக்கு அடுப்புல எதை ஏத்தறது அண்ணி? உங்க எலும்பையா?"

"என் எலும்பு முத்திப்போச்சு. வேகாது."

"விளையாடாதீங்க. உறைபனி வரப்போகுது. விறகு வாங்கலை. ஊர்ல இருக்கற அத்தனை பேர் வயித்துலயும் நீங்க ஒருத்தரா மண்ணைப் போடறீங்க. எதுக்கு? எவனோ எப்பவோ செத்துப்போனதுக்கு!"

"ஒன்பது வருஷம் ஆனவன் பொணம்னா, இருபதாயிரம் வருஷம் ஆனவன் என்ன? ஒன்னுமே இல்ல. சரிதானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"இவன் ஆள்தான்னு அந்த மேனேஜர் வாயால வரட்டும். அப்பறம் என் தம்பி மட்டும் எப்படி ஆள் இல்லாமப் போயிடுவான்? அதை அவர் எனக்குச் சொல்லட்டும்."

தம்பி பெண்டாட்டி கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஒன்பது வருஷமா என்னை யாராவது பெண்டாட்டியா விதவையான்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கறேன்," என்றாள். "செத்துட்டான்ங்கறாங்க. எங்கன்னா, மலையப் பாத்துக் கையைக் காட்டறாங்க. அழக்கூட ஒரு இடம் இல்ல. அதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஆனா வயிறு கேக்க மாட்டேங்குதே அண்ணி."

இருந்த கஞ்சியை இருவரும் குடித்தார்கள். தம்பி பெண்டாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சல்லடைக்காரியின் தோள் ராத்திரி முழுவதும் விண்விண்ணென்று தெறித்தது.

காலையில் டாக்டரம்மா வேறு வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்மா. ஆள் இல்லைன்னு சொல்லிடுங்க. இது கம்பெனி நிலம். அனுமதிய ரத்து பண்ணிடுவேன்னு மேனேஜர் சொல்றார். பாதியில விட்டுட்டுப் போனா, பனி விழுந்து மண்ணு உறைஞ்சு எலும்பெல்லாம் வெடிச்சிடும்."

"மிஷின் ஓடினா எலும்புக்கு நல்லதா?"

டாக்டரம்மா தரையைப் பார்த்தாள். "இல்ல. ஆட்டத்துல உதிரும். இத்தனை நாள் பயந்துக்கிட்டேதான் தோண்டினேன்."

"அப்ப நின்னது உங்களுக்கு லாபம்தானே? லாபத்தையும் வாங்கிக்கிட்டு என்னையே வாபஸ் வாங்கச் சொல்றீங்களே, நல்லா இருக்கா? எவ்வளவு சீக்கிரம் வெளிய எடுப்பீங்க, அதைச் சொல்லுங்க."

டாக்டரம்மா யோசித்தாள். பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எடுத்தால் குளிர்காலம் முடிந்தாலும் ஆகாது. சுற்றிலும் மண்ணை வெட்டி, மண்ணோடு சேர்த்து ஒரே கட்டியாக மாவுக்கட்டு போட்டுத் தூக்கிவிடலாம். எலும்பைப் பிறகு கூரைக்கடியில் வைத்துப் பிரிக்கலாம். ஆனால் மேலே கிடக்கும் பாறைப் பலகையை நகர்த்த வேண்டும். கட்டியின் கனத்துக்குத் தூக்க ஆட்கள் வேண்டும்.

"வேலை இல்லாம அங்க நாலு டஜன் பேர் உட்கார்ந்து பீடி குடிக்கறானுங்க," என்றாள் சல்லடைக்காரி. "கூப்பிட்டா வருவானுங்க."

வந்தார்கள். எல்லோரும் இல்லை. சிலர் அவளைப் பார்த்தால் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வந்தவர்களில் டமாரம் முதல் ஆள். பாறைப் பலகையை ஒரு மயிரிழை ஆட்டமும் இல்லாமல் தூக்க வேண்டும் என்று டாக்டரம்மா அவர் காதில் கத்தினாள். "இத்தனை வருஷமா எதையும் ஆடாம எடுத்ததில்லையே" என்று அவர் தலையைச் சொறிந்தார். முதல் முயற்சியில் மரக்கட்டை வழுக்கிப் பலகையின் மூலை உடைந்து விழுந்தது. டாக்டரம்மா அலறினாள், டமாரம் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார். மறுபடி கட்டை கொடுத்தார்கள். அன்று பொழுது சாயும்போது பலகை தனியாகக் கிடந்தது.

"எலும்பு முறிஞ்சு இவ்வளவு நாள் கழிச்சு மாவுக்கட்டு போட்டுக்கற ஒரே ஆள் இவன்தான்," என்றான், சுற்றிலும் மண்ணை வெட்டிக் கட்டு போட்டவர்களில் ஒருவன்.

"கம்பெனி ஆஸ்பத்திரில இதைவிட லேட்டாத்தான் போடுவாங்க," என்றான் இன்னொருவன்.

மாவுக்கட்டு காய்ந்துகொண்டிருந்த காலையில் குவாரிப் பக்கமிருந்து சங்கு ஊதியது. மிஷின் போடுவதற்கு முன் ஊதும் சங்கு. சல்லடைக்காரி போட்டது போட்டபடி ஓடினாள். மேனேஜர் கிரஷர் அறையின் இரும்புப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். ஆப்பரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு கீழேயே நின்றுவிட்டிருந்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஏறிய அதே படி. ஆட்களும் அதே போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள்.

அவர்களைப் பிளந்துகொண்டு தம்பி பெண்டாட்டி போனாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. ஏணியில் ஏறினாள். கல் கிரஷர் வாய்க்குள் போகும் பெல்ட்டின்மேல், வாய்க்கு நேர் முன்னால், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போடுங்க சார்," என்றாள். "பச்சைப் பட்டன்தானே? அன்னைக்கும் அதைத்தானே அமுக்கினீங்க?"

"ஏய், உனக்கென்ன பைத்தியமா? எறங்கு!"

"ஆள் இருக்கு சார். இந்தத் தடவை உயிரோட இருக்கு. நல்லாப் பாத்துட்டு அமுக்குங்க."

சல்லடைக்காரியால் நம்ப முடியவில்லை. இவளா? விறகுக்குக் கணக்குப் பார்த்தவளா? பிறகு அவளும் ஏணியைப் பிடித்தாள். வலது கை ஒத்துழைக்கவில்லை. கீழேயிருந்து டமாரம் முதுகைத் தாங்கித் தள்ளினார். தள்ளிவிட்டு அவரும் ஏறி உட்கார்ந்தார். பின்னாலேயே பெல்ட் பொறுக்கும் பெண்கள். பிறகு துளை போடுகிறவர்கள். காறித் துப்பியவர்களில் இரண்டு பேர்கூட ஏறினார்கள். பஸ்ஸில் இடம் பிடித்தவர்கள் போலப் பெல்ட் நெடுக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கத்தினார் டமாரம்.

மேனேஜரின் விரல் பட்டன்மேல்தான் இருந்தது. அறைக் கண்ணாடி வழியாக எல்லோருக்கும் தெரிந்தது. அவரும் மேலே ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான். வியர்த்திருந்தார். கடைசியில் விரலை எடுத்து அதாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி. எப்பதான் எடுப்பீங்க, அந்த..." வார்த்தை கிடைக்காமல் நிறுத்தினார்.

"அந்த என்ன சார்?" என்றாள் சல்லடைக்காரி.

"அதான், அங்க இருக்கற அந்த..."

"பேர் சொல்லிக் கேளுங்க. இல்லன்னா எங்களுக்கு விளங்காது."

மேனேஜர் பையைத் துழாவினார். மாத்திரை தீர்ந்துபோயிருந்தது.

"அந்த ஆளை," என்றார். "அந்த ஆளை எப்ப வெளிய எடுப்பீங்க?"

டமாரத்துக்குக்கூடக் கேட்டது.

"நாளைக்கு," என்றாள் சல்லடைக்காரி.

மறுநாள் வானம் ஈயத்தகடு போலக் கிடந்தது. எந்த நேரமும் பனி இறங்கலாம். மாவுக்கட்டுப் போட்ட கட்டியை, அடிபட்டவர்களைச் சுமக்கும் அதே தூக்குக் கட்டிலில், மரச்சட்டம் கொடுத்து ஏற்றினார்கள். மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். டாக்டரம்மா பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்தில் நடப்பது போலப் பதறிக்கொண்டே கூட வந்தாள். குரல் கொடுத்தவர்தான் முன்னால் நடக்க வேண்டும். சல்லடைக்காரி நடந்தாள். சரிவைத் தாண்டி, குவாரி முழுதும் தெரியும் திருப்பத்துக்கு வந்ததும் நின்றாள்.

கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆப்பரேட்டர் பட்டனருகில் தயாராக நின்றான். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி பெண்டாட்டி பெல்ட்டின் ஓரத்தில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

சல்லடைக்காரி மூச்சை இழுத்தாள்.

"ஒரு ஆள் வெளிய வந்தாச்சு!"

'ஒரு' என்ற சொல் சட்டத்தில் கிடையாது. படிக்குப் படி அதைத் திருப்பிக் கத்தியவர்களுக்கு முதலில் உறைக்கவில்லை. 'ஒரு ஆள் வெளிய வந்தாச்சு' என்று அப்படியே கத்தினார்கள். குரல் கீழே போய்ச் சேருவதற்குள் சிலருக்கு விளங்கிவிட்டது. ஆப்பரேட்டர் கை பாதியில் நின்றது.

அவள் திரும்பினாள். மூடின படிக்கு நேராகத் திரும்பினாள். வலது கையைத் தூக்கிக் காட்டினாள். தாடைக்கு மேல் வரவில்லை, அந்த உயரத்திலேயே காட்டினாள்.

"இன்னும் ஒரு ஆள் இருக்கு!"

 கீழேயிருந்து ஒற்றைப் பெண்குரல் வந்தது. ஒன்பது வருஷமாக அழ இடமில்லாமல் இருந்தவளின் குரல்.

"ஆள் இருக்கு!"

டமாரம் தூக்குக் கட்டிலுக்கு அடியில் தோளைக் கொடுத்தபடியே கத்தினார். மேல்படியிலிருந்து ஒருவன். நடுப்படியிலிருந்து இருவர். பிறகு யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மேனேஜர் வேகவேகமாக ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"என்னம்மா இது? அது எப்பவோ முடிஞ்சுபோன விஷயம்."

சல்லடைக்காரி தூக்குக் கட்டிலைக் காட்டினாள். "இதுவே இன்னைக்குத்தான் சார் முடிஞ்சுது. இதுக்குள்ள என் தம்பி விஷயம் முடிஞ்சுபோச்சா?"

"அங்க எவ்வளவு கல்லு கொட்டியிருக்குன்னு தெரியுமா? கம்பெனியக் கேக்காம நான் ஒன்னும் பண்ண முடியாது."

"கேளுங்க. ஆள்ங்கற வார்த்தையச் சொல்லிக் கேளுங்க. நேத்துதான் பழகினீங்க, மறந்துடப் போகுது."

"கம்பெனி ஒத்துக்கலைன்னா?"

"மிஷின் நிக்கும். வேற என்ன?"

எலும்புக் கட்டியை டாக்டரம்மாவின் கூடாரத்தில் இறக்கி வைத்தார்கள். இறக்கியவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மூடின படிப் பக்கம் நடந்தார்கள். டாக்டரம்மாவும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. மலையாகக் குவிந்து கிடந்த கழிவுக் கல்லில் முதல் கல்லைத் தம்பி பெண்டாட்டி புரட்டினாள். அது உருண்டு அவள் கால் நகத்தைப் பெயர்த்தது. நொண்டிக்கொண்டே அடுத்த கல்லுக்குப் போனாள்.

இருட்டும்வரை புரட்டினார்கள். குவியலில் ஒரு பள்ளம்கூட விழவில்லை. பனி இறங்கத் தொடங்கியது. கிரஷர் ஓடவில்லை. சல்லடைக்காரி வலிக்காத கையால் ஒரு கல்லைத் தூக்கிப் பக்கத்தில் போட்டாள்.

கம்பெனி அவர்களுக்குத் தரவேண்டியது இன்னும் அப்படியே பாக்கி நின்றது: ஓர் ஆள். அவள் தம்பி.